டெல்லியில் மசியலுக்கு எது: சௌலாயா, பாலக்கா?

மயூர் விஹாரில் தள்ளுவண்டிக்காரரிடம் பொதுவாகக் கீரை கேட்டால், எந்த மாதமானாலும் முதலில் பாலக்கைத்தான் எடுத்து நீட்டுவார். ஊரிலிருந்து வந்த புதிதில் நானும் அதையே வாங்கினேன். நாலைந்து வருஷம் பாலக்கைக் கடைந்து தாளித்துவிட்டு, மசியல் ஏன் பச்சைத் தண்ணியாக ஓடுகிறது என்று அம்மாவிடம் போனில் புலம்பியிருக்கிறேன். "அது கடையற கீரையே இல்ல. அங்க தண்டுக்கீரை கிடைக்காதா?" என்றாள். கிடைக்கும். சௌலாய் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் முளைக்கீரை, தண்டுக்கீரை, அரைக்கீரைக்கெல்லாம் சொந்தக்காரன் சௌலாய். வேடிக்கை என்னவென்றால், விரத நாளில் ராஜ்கிரா என்ற விதையில் செய்த லட்டு தின்னும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அந்த விதையும் இதே இனத்துச் செடியிலிருந்துதான் வருகிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எதை வாங்குவது என்பதைப் பாதி டெல்லி வெயிலே முடிவு செய்துவிடுகிறது. பாலக் குளிர்காலத்துப் பயிர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இலை தடித்துப் பளபளவென்று இருக்கும். ஏப்ரல் வந்துவிட்டால் பூத்தண்டு விட ஆரம்பிக்கும். வண்டியில் மதியம் வரை தாங்காது, வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜில் இரண்டே நாளில் வழவழத்துப் போகும். சௌலாய் நேர் எதிர். சோளம், கரும்பு போல அதிக வெயிலிலும் சளைக்காமல் ஒளிச்சேர்க்கை செய்யும் வகை அது. 42 டிகிரியிலும் துளிர்க்கும். இங்கேயே பூசாவில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பூசா சோட்டி சௌலாய், பூசா கீர்த்தி, பூசா கிரண் என்று பல ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஆகவே கோடையில் போட்டியே இல்லை.

சரி, சத்து? அமெரிக்க வேளாண் துறையின் பட்டியல்படி 100 கிராம் பச்சை இலையில் சௌலாய் இனத்துக் கீரைக்கு 215 மில்லிகிராம் கால்சியம், ஸ்பினாச்சுக்கு 99. வைட்டமின் சி 43க்கு 28. இரும்பு 2.3, 2.7 என்று ஏறக்குறைய ஒன்றுதான். ஃபோலேட்டில் மட்டும் ஸ்பினாச் தெளிவாக முந்துகிறது: 194 மைக்ரோகிராம், சௌலாய்க்கு 85. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டியலில் ஸ்பினாச் என்று இருப்பது விலாயதி பாலக், அதாவது சீமைப் பாலக். வண்டியில் வரும் தேசி பாலக்கோ, ஆல் கிரீன், பூசா ஜோதி மாதிரி ரகங்கள், பீட்ரூட்டுக்குச் சொந்தம். அதனால் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

கால்சியம் எண்ணைப் பார்த்தும் மயங்க வேண்டாம். பாலில் இருக்கும் கால்சியத்தில் கால் பங்குக்கு மேல் உடம்பில் சேரும். ஸ்பினாச்சில் இருப்பதில் சேருவது 5 சதவீதம் போலத்தான், மீதியைக் கீரையிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் பிடித்துவைத்துக்கொள்ளும். சௌலாயிலும் ஆக்சலேட் கணிசம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இரண்டையுமே அளவோடு சாப்பிட வேண்டும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஆக்சலேட் ஓரளவு குறையும், கூடவே வைட்டமின் சியும் போகும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரை அளவைத் திடீரென்று கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ முன் மருத்துவரைக் கேட்பது நல்லது, ஏனென்றால் இரண்டிலும் வைட்டமின் கே எக்கச்சக்கம். இரும்புக்காகச் சாப்பிடுகிறவர்கள் கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள்.

அடுப்பில் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு சந்தேகமில்லாமல் சௌலாய்க்கு. திறந்த பாத்திரத்தில் வேகவைத்து மத்தால் கடைந்தால் குழைந்து சேர்ந்து நிற்கும்; உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்தால் நம் வீட்டு வாசனை வந்துவிடும். தண்டு மிச்சம். நாரை உரித்துப் புளிக்கூட்டிலோ சாம்பாரிலோ போடலாம். நல்ல பருமனான தண்டு வேண்டுமென்றால் சித்தரஞ்சன் பார்க் சந்தைக்குப் போங்கள். வங்காளிகளுக்கும் தண்டு என்றால் உயிர். அங்கே சிவப்புக் கீரையும் வாங்கலாம், பொரியலுக்குத் தேங்காய் போட்டால் தேங்காய்கூட ரோஜா நிறமாகிவிடும். பாலக் பருப்போடு சேரும், சப்பாத்தி மாவில் பிசையலாம், பனீரோடு பிரமாதம். தனியாகக் கடையத்தான் லாயக்கில்லை.

குளிரில் பதுவா வரும். கோதுமை வயலில் களையாக முளைப்பது. நம்மூரில் சக்கரவர்த்திக் கீரை என்பார்கள். மசியலுக்கு பாலக்கைவிட அது மேல். தயிர்ப் பச்சடிக்கும் எடுக்கும்.

ஒரு விஷயத்தில் எல்லாக் கீரையும் ஒரே தராசில்தான். எங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே யமுனைக் கரையில் கீரை விளைகிறது. ஆற்று மாசைக் காரணம் காட்டி, வெள்ளச் சமவெளியில் உணவுப் பயிர் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது, விளைச்சல் நிற்கவில்லை. அந்த மாசிலிருந்து இலைக்குள் ஏறிய உலோகம் எத்தனை முறை அலசினாலும் போகாது. அதனால் மார்ச் கடைசியில் பால்கனித் தொட்டியில் ஒரு கைப்பிடி சௌலாய் விதை தூவுகிறேன். ஒரு மாதத்தில் கிள்ள ஆரம்பிக்கலாம். இரண்டு பேருக்கு வாரம் ஒரு மசியலுக்குக்கூடச் சரியாக வராது, மீதிக்கு அதே தள்ளுவண்டிதான். இப்போது அவரே என்னைப் பார்த்ததும் பாலக்கைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து சௌலாய்க் கட்டை உருவுகிறார்.