குளிர்காலத்தில் மைசூர்: திம்பமா, ஊட்டியா?

கோவையிலிருந்து மைசூருக்குக் காரில் போக இரண்டு காட்டு வழிகள் உண்டு. புளியம்பட்டி, சத்தி (சத்தியமங்கலம்) தாண்டி, திம்பம் மலைப்பாதை ஏறி, சாம்ராஜ்நகர் போவது ஒன்று. சுமார் 200 கி.மீ. மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர், முதுமலை, பந்திப்பூர் என்று சுற்றிப் போவது மற்றொன்று. இது கொஞ்சம் கூடுதல் தூரம். மார்கழி, தை மாதங்களில் எந்த வழி நல்லது என்று யாராவது கேட்டால், போகும்போது சத்தி, திரும்பும்போது ஊட்டி என்றுதான் சொல்வேன். காரணம் இருக்கிறது.

சத்தி வழிக்கு வடகிழக்குப் பருவமழை கைகொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையில் மலைச்சரிவு மார்கழியிலும் ஓரளவு பசுமையாகவே இருக்கும். ஊர்களும் சுற்றுலாவுக்காக வேஷம் போடாத ஊர்கள். சத்தி பூ மார்க்கெட்டில் பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து, கிலோ ஆயிரக்கணக்கில் ஏலம் போகும்போது வியாபாரிகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டேங்கையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பண்ணாரி தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். இந்த வழியின் அழகும் இதுதான், தலைவலியும் இதுதான். பனிமூட்டத்தில் மேலிருந்து இறங்கும் லாரியின் விளக்குக்கு முன்னால், கருகிய பிரேக் வாடைதான் நம்மிடம் வந்து சேரும். ஒருமுறை வளைவில் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட, இரண்டரை மணி நேரம் அசையாமல் கிடந்தோம். துணைக்குக் குரங்குகள். வாழைப்பழம் மொத்தமும் போனது, ஜன்னலைத் திறந்து வைத்தது என் தப்பு.

மேலே ஆசனூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் காரப்பள்ளம் சோதனைச்சாவடி. தாளவாடிப் பக்கத்திலிருந்து ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளுக்காக யானைகள் காத்திருக்கும் இடம் இது. லாரியிலிருந்து விழுந்த, வீசப்பட்ட கரும்பைத் தின்று பழகியவை. குட்டியோடு சாலையோரம் நின்று ஒவ்வொரு லாரியாகப் பார்க்கும். காரை அவை கண்டுகொள்வதில்லை. அதற்காக இறங்கி செல்ஃபி எடுக்காதீர்கள்.

விலங்குகள்தான் முக்கியம் என்றால் பந்திப்பூர் வழிக்கே என் ஓட்டு. சாலையின் இருபுறமும் புதரை வெட்டி வைத்திருப்பதால் புள்ளிமான் கூட்டமும் மயில்களும் கண்ணில் படாமல் போகாது. குளிரில் இலை உதிரத் தொடங்கிய காட்டில் பார்வை இன்னும் உள்ளே போகும். வழி நெடுக வேகத்தடைகள் முதுகைப் பதம் பார்க்கும், சரி, அது மான்களுக்காக. ஆனால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்தாக வேண்டும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆண்டிறுதி விடுமுறையில் ஊட்டிக்குள் சிக்கினால் காட்டை விடக் கார்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

இரவு ஓட்டம் இரண்டு வழியிலும் கிடையாது. இரவு 9 முதல் காலை 6 வரை பந்திப்பூர் 2009-லிருந்து மூடப்படுகிறது. திம்பத்தில் 2022 பிப்ரவரியிலிருந்து கார்களுக்கு அதே நேரம்தான், லாரிகளுக்கு மாலை 6 மணிக்கே கதவடைப்பு. அதனால் மாலை ஆறுக்கு மேல், ஒன்பதுக்குள் திம்பம் ஏறினால் லாரித் தொல்லை குறைவு. நான் அதைச் செய்வதில்லை. இருட்டில் யானைக்கும் பாறைக்கும் வித்தியாசம் தெரியாது.

திரும்பும்போது ஊட்டி என்று சொன்னதற்குக் காரணம் கல்லட்டி. முதுமலையை ஒட்டிய மசினகுடியிலிருந்து 36 வளைவுகளில் நேரே ஊட்டிக்கு ஏறும் குறுக்குவழி. வெளியூர் வண்டிகள் இதில் ஏறலாம், இறங்க விடமாட்டார்கள். பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகள் அப்படி. எனவே கோவையிலிருந்து போகும்போது இந்தச் சாலை கிடைக்காது, கூடலூர் சுற்றுதான்.

மேலே ஏறியதும் தலைகுந்தா. உறைபனிக்குப் பேர் போன இடம். புல்வெளி உப்பைத் தூவியதுபோல் வெளுத்திருக்கும், மிதித்தால் நொறுங்கும். மைசூரிலிருந்து அன்று காலையே கிளம்பினால் இதைப் பிடிக்க முடியாது. முதல்நாளே மசினகுடிக்கு வந்து தங்கி, விடிந்ததும் ஏற வேண்டும். எட்டு மணி வெயிலுக்கெல்லாம் அது வெறும் ஈரப்புல்.