கான்கூனிலிருந்து சிச்சென் இட்சா டூர் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: எங்களுக்கு 536 டாலர் போச்சு

நேற்று முன்தினம் நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோவையாக எழுத வராது. நான்கு பேருக்கு 536 டாலர் கொடுத்து, மெக்சிகோவில் மாயர் என்ற பழங்குடியினர் கட்டிய பழைய நகரமான சிச்சென் இட்சாவில் நாங்கள் இருந்தது மொத்தம் ஒரு மணி இருபது நிமிடம். அதில் கால் மணி நேரம் வாசல் வரிசை, நாற்பது நிமிடம் ஒரே மரத்தடி.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் எங்களிடம் டாலஸ் வந்திருக்கிறார்கள். அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம் என்பதால் ஐந்து நாள் கான்கூன் வந்தோம். கடற்கரை எல்லாம் சும்மா. வந்ததே சிச்சென் இட்சாவுக்காகத்தான். அப்பா முப்பது வருடம் பள்ளியில் கணக்கு வாத்தியார். மாயர்களின் நாள்காட்டி, சுக்கிரனின் 584 நாள் சுற்று இதெல்லாம் அவருக்கு உயிர். அங்கே எல் கராகோல் என்று ஒரு வட்டமான கட்டடம் இருக்கிறது. உள்ளே சுழன்று ஏறும் படி இருப்பதால் ஸ்பானிய மொழியில் நத்தை என்று பெயர். அதன் ஜன்னல்கள் சுக்கிரன் மறையும் திசைகளைப் பார்த்து வைக்கப்பட்டவை என்கிறார்கள். பிரமிடைவிட அதைத்தான் பார்க்க வேண்டும் என்று கிளம்பும் முன்பே அப்பா சொல்லியிருந்தார்.

நான் முதலில் நினைத்தது காலை பஸ்ஸில் நாங்களே போய்விடலாம் என்றுதான். கான்கூனிலிருந்து 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஆனால் ஹோட்டல் வரவேற்பறைக்குப் பக்கத்திலேயே ஒரு டூர் கவுண்டர். அங்கே இருந்தவர் அம்மா படி இறங்குவதைப் பார்த்துவிட்டு அவராகவே எழுந்து வந்து நாற்காலி போட்டார். முழங்கால் வலியா, வெயில் தாங்குவீர்களா என்று விசாரித்தார். வரைபடத்தை விரித்து, பேனாவால் ஒவ்வோர் இடமாக வட்டம் போட்டார். அப்பா எல் கராகோலைக் காட்டியதும் அதற்கு இரண்டு வட்டம் போட்டு, "இதற்கு மட்டும் அரை மணி நேரம் தருவார் எங்கள் கைடு, அவர் வானியல் படித்தவர்" என்றார். எட்டுப் பேர் போகும் சின்ன வேன். காலை 7 மணிக்குக் கிளம்பினால் கூட்டம் வருவதற்குள் போய்விடலாம். உள்ளே மூன்று மணி நேரம். நுழைவுச் சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 89 டாலர். கார்டு என்றால் பத்து சதவீதம் கூடும் என்றதால் ரொக்கமாக 356 டாலரை எண்ணிக் கொடுத்தேன். அப்பா அவருக்குக் கை கொடுத்தார். எனக்கு இப்போதும் அந்தக் கைகுலுக்கல்தான் கண்ணில் நிற்கிறது.

7 மணிக்கு வந்தது வேன் இல்லை, ஐம்பது பேர் பஸ். அது ஒவ்வொரு ஹோட்டலாக ஆள் ஏற்றி முடிக்கவே 9 மணி தாண்டிவிட்டது. நெடுஞ்சாலையில் ஏறியதும், இனி யாரும் இறங்க முடியாது என்ற நிலையில், கைடு மைக்கைப் பிடித்தார். தொல்லியல் பாதுகாப்பு வரி ஆளுக்கு 45 டாலர், ரொக்கம் மட்டும். நுழைவுச் சீட்டு சேர்த்துத்தானே என்று கேட்டால், "சீட்டு சேர்த்துதான், வரி வேறு" என்கிறார். கொடுக்காதவர்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கலாமாம். இன்னொரு 180 டாலர் போச்சு. 356-ம் 180-ம் சேர்த்து 536.

அப்புறம் வாசலில்தான் தெரிந்தது. அங்கே சீட்டு இரண்டு பாகம்: ஒன்று மத்திய அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு, இன்னொன்று யுகடான் மாநிலத்துக்கு. வரி என்று எங்களிடம் வாங்கியது வேறு ஒன்றும் இல்லை, இந்தச் சீட்டுதான்! நாங்கள் போன அன்று வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 600 பெசோ சொச்சம், ஏறக்குறைய 35 டாலராக இருந்தது. அதற்குத்தான் 45 வாங்கியிருக்கிறார்கள், அதுவும் சேர்த்துத்தான் என்று சொல்லி விற்ற பிறகு.

வழியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "மாயர் கிராமம்" என்று கூட்டிப் போனது ஒரு பெரிய நினைவுப்பொருள் கடை, ஒன்றரை மணி நேரம். பிறகு ஒரு செனோட்டே, அதாவது சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான கிணறு மாதிரியான குளம். அம்மாவும் அப்பாவும் இறங்கவில்லை, மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சாப்பாடு. சிச்சென் இட்சா வாசலில் இறங்கும்போது என் கடிகாரத்தில் 3:10. வெயில் தலையைப் பிளந்தது.

கைடு எல்லாரையும் குகுல்கான் பிரமிடுக்கு எதிரே மரத்தடியில் நிறுத்தி, இரண்டு மொழிகளில் மாற்றி மாற்றிப் பேசினார். பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கமும் மேல்தளமும் சேர்த்து 365 என்றார், கை தட்டினால் எதிரொலி பறவைக் குரல் மாதிரி வரும் என்று தட்டிக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது நிமிடம் அதே இடம். பிறகு, "5 மணிக்கு மூடிவிடுவார்கள், 4:30-க்கு எல்லாரும் பஸ்ஸில் இருக்க வேண்டும்" என்றார். மீதி இருபத்தைந்து நிமிடம். அங்கே மாயர்கள் பந்தாடிய களத்தின் நீளம் 168 மீட்டர். சுவரில் தலை வெட்டப்பட்ட ஆட்டக்காரனின் கழுத்திலிருந்து ரத்தம் பாம்புகளாகப் பீறிடும் சிற்பம் இருக்கிறது. அதை ஓட்டமும் நடையுமாகப் பார்த்தோம். எல் கராகோல் தெற்கே தள்ளி இருக்கிறது. அம்மாவின் முழங்காலோடு போய்த் திரும்ப நேரமே இல்லை. கைடிடம் கேட்டேன். "அது ஒன்றும் முக்கியமில்லை, இடிந்த கட்டடம்" என்றார். அப்பா, "விடும்மா, பிரமிடைப் பார்த்தாச்சுல்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு 536 டாலரைவிட வலித்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். வெளியே வரும்போது சீட்டுக் கொடுக்கும் இடத்துக் கடிகாரத்தில் மணி 3:30! கான்கூன் இருப்பது கின்டானா ரூ மாநிலம், சிச்சென் இட்சா இருப்பது யுகடான் மாநிலம். யுகடான் ஒரு மணி நேரம் பின்னால். 5 மணிக்கு மூடுவது யுகடான் நேரப்படி. அதாவது இன்னும் முழுசாக ஒன்றரை மணி நேரம் பாக்கி இருந்தது. தினமும் இதே வேலை செய்கிற கைடுக்கு இது தெரியாதா? கேட்டேன். "பஸ் கான்கூன் நேரத்தில்தான் ஓடும், மேடம்" என்று சொல்லிவிட்டுக் கதவருகே நின்று டிப்ஸுக்குக் கூடையை நீட்டினார்.

இரவு கவுண்டருக்குப் போனேன். அதே ஆள், நாற்காலி போட்ட அதே ஆள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாங்கள் விற்பனை மட்டும்தான், டூர் நடத்துவது வேறு கம்பெனி." அந்தக் கம்பெனிக்கு ஒரு வாட்ஸ்அப் எண் தந்தார். அதில் 24 மணி நேரத்தில் பதில் வரும் என்று தானாக ஒரு செய்தி. மறுநாள் வந்த பதில்: சேவை முழுமையாக வழங்கப்பட்டுவிட்டது, வேண்டுமானால் அடுத்த டூரில் பத்து சதவீதம் தள்ளுபடி. ஹோட்டல் வரவேற்பில் சொன்னால், அந்த இடத்தை வாடகைக்கு விட்டிருக்கிறோம், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்கிறார்கள். என் கையில் இருக்கும் ரசீதில் எழுதியிருப்பது போக்குவரத்து என்று பொருள்படும் ஒற்றை ஸ்பானியச் சொல்லும் தொகையும்தான். வட்டம் போட்ட வரைபடத்தை அவர் அன்றே மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

கைடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாமல் கல்லைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? ஆனால் கைடு வேறு, டூர் பஸ் வேறு. சிச்சென் இட்சா வாசலிலேயே அரசு அடையாள அட்டை போட்ட கைடுகள் நிற்கிறார்கள், மொத்தக் குழுவுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் பேசலாம். நீங்களாகப் போய்ச் சேருங்கள், அங்கே கைடை வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் கூட இருந்தால் முந்தின இரவு வயாடோலிட் ஊரில் தங்குங்கள், அங்கிருந்து முக்கால் மணி நேரம்தான், ஷேர் வேன் போகிறது. 8 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே இருக்கலாம்.

டூர்தான் என்றால் ரொக்கம் கொடுக்காதீர்கள். நுழைவுச் சீட்டு சேர்ந்ததா, உள்ளே எத்தனை மணி நேரம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கடிகாரத்தை யுகடான் நேரத்துக்கு மாற்றுங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், பெட்டி கட்ட வேண்டும்.

இன்று மாலை ஃப்ளைட். கிளம்பும் முன் அந்தக் கவுண்டரில் கடைசியாக ஒரு தடவை 536 டாலரைக் கேட்கப் போகிறேன். ஏதாவது வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.