இரண்டு பெயர், ஒரே ரோஜா: தபாலில் வாங்கிய பழைய டீ ரோஜாச் செடிகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் ஒரு நர்சரியில் நான்கு பழைய டீ ரோஜாக்கள் (தேயிலை வாசம் அடிக்கும் பழைய ரோஜா இனம்) வாங்கினேன்: லேடி ஹில்லிங்டன், ஜெனரல் கலியேனி, மிஸ்யூ தில்லியே, ஆர்ச்டியூக் ஜோசப். ஜூலையில் மெல்பர்னுக்குத் தபாலில் வந்தன. மண் இல்லாமல் வெறும் வேரோடுதான் அனுப்புகிறார்கள். வேரைச் சுற்றி ஈர மரத்தூள் வைத்து நன்றாகவே கட்டியிருந்தார்கள். நான்கும் பிழைத்தன. செடியில் குறை சொல்ல முடியாது.

குறை லேபிளில். தில்லியே என்று வந்ததும் ஜோசப் என்று வந்ததும் ஒன்றேதான். நவம்பரில் பூத்தபோது இரண்டிலும் அதே செங்கல் சாயல் ரோஸ், அதே செம்பு நிற நடு, சின்னச் சின்ன இதழ்கள் அடைசலாக. நிறத்தை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை; டீ ரோஜா வெயிலுக்கு ஒரு நிறம், குளிருக்கு ஒரு நிறம் காட்டும், அதை நம்பக் கூடாது. பார்க்க வேண்டியது பூக்காம்பு, பூவுக்கு அடியில் காயாகப் போகிற பகுதியின் வடிவம், புல்லி இதழ்களின் ஓரம், முள்ளின் வளைவு, இளந்தளிரின் நிறம். இரண்டு செடியிலிருந்தும் செடிக்கொரு மொட்டைக் கிள்ளி, பிளேடால் நீளவாக்கில் கீறி, வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். எது எந்தச் செடியுடையது என்று எனக்கே மறந்துவிட்டது, அவ்வளவு ஒற்றுமை.

மின்னஞ்சலில் கேட்டேன். இரண்டு வெவ்வேறு தோட்டங்களிலிருந்து குச்சி எடுத்ததாகவும், அங்கே எழுதியிருந்த பெயரையே வைத்ததாகவும் பதில் வந்தது. மரியாதையான பதில்தான், ஆனால் பணம் திரும்பவில்லை.

இந்தக் குழப்பம் இவர்களோடு தொடங்கியதும் இல்லை. தில்லியே 1891-இல் பிரான்ஸில் லியோன் பக்கத்து ரோஜா வளர்ப்பாளர் பெர்னேக்ஸ் உருவாக்கியது. ஜோசப் 1892-இல் தெற்கு பிரான்ஸின் ரோஜா வளர்ப்பாளர் நபொன்னான் உருவாக்கியது. பல நாட்டு நர்சரிகளிலும் இவை மாறிப்போய்தான் கிடக்கின்றன. அவ்வளவு ஏன், டீ ரோஜாக்களின் மூதாதைகளாகச் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு 1809-இல் வந்த ஹ்யூம்ஸ் பிளஷ், 1824-இல் வந்த பார்க்ஸ் யெல்லோ ஆகிய பெயர்களில் இன்று விற்கும் செடிகளே அசல்தானா என்பது சந்தேகம். 1867-இல் லா பிரான்ஸ் என்ற ரகம் வந்த பிறகு, டீ ரோஜாவை வேறு இனத்தோடு கலந்து உருவாக்கிய, குளிரைத் தாங்கும் ஹைபிரிட் டீ ரோஜாக்கள் மெல்ல மெல்ல ஐரோப்பியச் சந்தையைப் பிடித்துக்கொண்டன. பழையவை ஆஸ்திரேலியா, பெர்முடா, அமெரிக்காவின் தென்பகுதி போன்ற கதகதப்பான இடங்களில், கல்லறைத் தோட்டங்களிலும் பழைய பண்ணை வீடுகளிலும் தப்பிப் பிழைத்தன. கல்லறையில் செடி இருக்கும், அதற்கு லேபிள் எங்கே இருக்கும்?

பெர்முடாக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பெயர் தெரியாத ரோஜாவுக்குக் கிடைத்த இடத்தின் பெயரையோ வளர்த்தவரின் பெயரையோ வைத்துவிடுகிறார்கள். ஸ்மித்ஸ் பாரிஷ் என்ற ரோஜா அப்படித்தான். இந்த நர்சரியும் லேபிளில் "இன்ன ஊர்த் தோட்டத்துக் குச்சி, தில்லியேவாக இருக்கலாம்" என்று எழுதியிருந்தால் நான் இரண்டாவதை வாங்கியே இருக்க மாட்டேன்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். லேடி ஹில்லிங்டன் அசல். 1910-இல் இங்கிலாந்தில் வந்த ரகம். ஊதா கலந்த செந்தளிர், நீண்டு கூர்த்த மொட்டு, ஆப்ரிகாட் பழ மஞ்சள், தலை கவிழ்ந்து தொங்கும் பூ, எல்லாம் பொருந்துகிறது. காலையில் கிட்டப் போனால் புதிதாகப் பிரித்த தேயிலைப் பாக்கெட்டின் வாசம். தலை தொங்குவதால் ஜாடிக்கு ஆகாது என்று என் மனைவிக்கு வருத்தம். ஆனால் ஆளுயரம் வளர்ந்த பிறகு கீழே நின்று பார்க்கிறவருக்கு அதுதான் வசதி. கலியேனியும் நன்றாக வருகிறது. முதல் வருடம் என்பதால் அதைப் பற்றி இப்போதே தீர்ப்பு வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கு: ஹைபிரிட் டீக்குச் செய்வதுபோல் கட்டையளவுக்குக் கவாத்து செய்யாதீர்கள், காய்ந்த குச்சியை மட்டும் எடுத்தால் போதும். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். தில்லியே, ஜோசப் இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் வாங்குங்கள். பணம் கட்டும் முன் குச்சி எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கேளுங்கள், கேட்டால் சொல்கிறார்கள்.