மானியம் வாங்கித் தருகிறேன் என்று வந்தவரிடம் 40,000 போனது: எண்ணூர், பழவேற்காடு சங்கங்கள் கவனத்துக்கு

அலையாத்தி நடவு, ஆமை முட்டைப் பாதுகாப்பு என்று வேலை செய்யும் சின்னச் சங்கங்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். இதே ஆள் உங்களிடமும் வரலாம்.

எங்கள் சங்கம் பதிவாகி இரண்டு வருடம்தான் ஆகிறது. கொசஸ்தலை ஆற்றில் காக்கா ஆழி என்னும் வெளிநாட்டுச் சிப்பி பரவியதிலிருந்து, இறால் புதைந்து கிடக்கும் சேறே மூடிப்போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கரையோரச் செடிகளில் அப்பியது. ஆழியை வாரி எடுத்துவிட்டு, கரையில் வெண்கண்டல் என்ற அலையாத்திக் கன்று நட வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம்.

“வெளிநாட்டு நிதி இருக்கு, 20 லட்சம் நிச்சயம்” என்றார் மானியம் வாங்கித் தருவதாக வந்தவர். திட்ட அறிக்கை எழுத 25,000, அப்புறம் ஃபைல் சார்ஜ் என்று 15,000. வலை இழுத்துச் சம்பாதித்ததில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்த காசு அது.

“சார், எங்ககிட்ட எஃப்சிஆர்ஏ இல்லையே?” என்று கேட்டோம். வெளிநாட்டுப் பணம் வாங்க மத்திய அரசிடம் பெற வேண்டிய பதிவு அது. “தெரிஞ்ச டிரஸ்ட் கணக்குல வாங்கி உங்களுக்கு மாத்திக் கொடுத்துடறேன்” என்றார். அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவே கூடாது. டெல்லியில் இருக்கும் ஒரே ஒரு எஸ்பிஐ கிளையில்தான் அந்தப் பணம் முதலில் வந்து விழ வேண்டும். எஃப்சிஆர்ஏ பதிவு கேட்பதற்கே மூன்று வருடம் இயங்கி, 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். அவர் சொன்னபடி நடந்திருந்தால் நாங்களும் சேர்ந்து மாட்டியிருப்போம்.

அறிக்கை முழுக்க ஆங்கிலம். எங்கள் குப்பத்தில் விலங்கியல் படிக்கும் பெண்தான் உட்கார்ந்து படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் ஹூக்ளி ஆறு, தேன் எடுப்பவர்கள், புலி! யாரோ சுந்தரவனத்துக்கு எழுதியதில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். காக்கா ஆழி பற்றி ஒரு வரிகூட இல்லை. நிதி தருவதாக அவர் சொன்ன நிறுவனத்துக்கு நாங்களே மெயில் போட்டோம். எங்கள் பெயரில் விண்ணப்பமே வரவில்லை, விண்ணப்பிக்கக் கட்டணமும் கிடையாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவர் போன் எடுப்பதில்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம்.

யாராவது முன்பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் நிதி தருபவருக்கே நேராக எழுதிக் கேளுங்கள். உள்ளூர்க் கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். அதை ஆடிட்டர் வழியாக நாமே செய்துகொள்ளலாம், இடையில் யாரும் தேவையில்லை. விண்ணப்பத்தில் கேட்பதும் எந்த இடம், என்ன உயிரினம், என்ன வேலை, எவ்வளவு செலவு என்பதுதான். நம் ஆற்றைப் பற்றி நம்மைவிட யாருக்குத் தெரியும்?

எங்கள் லெட்டர்பேடும் சங்கத்தின் பான் நகலும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. எண்ணூர்ச் சங்கம் என்று அந்தத் தாள்களைக் காட்டி யாராவது பணம் கேட்டால், அது நாங்கள் இல்லை.