போனா, ரோலா, இன்ஸ்டாக்ஸா? மாட வீதியில் மூன்று மாதம்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் சாயங்காலம் நடக்கும்போது கையில் ஒரு கேமரா இருப்பது என் வழக்கம். பெரிதாக எதுவும் எடுப்பதில்லை. பூக்கட்டும் கை, தள்ளுவண்டிக்குக் கீழே தூங்கும் ஆள், பஸ்ஸுக்கு ஓடும் ஸ்கூல் பிள்ளை, இப்படித்தான். மூன்று மாதமாக ஒரே தெருவை மூன்று கருவியில் மாற்றி மாற்றி எடுத்தேன்: என் போன், அப்பாவின் பழைய ஃபிலிம் ரோல் கேமரா யாஷிகா எம்எஃப்-2, அப்புறம் எடுத்த படத்தை அங்கேயே தாளில் தரும் இன்ஸ்டாக்ஸ் மினி 12.

எதில் படம் நன்றாக வருகிறது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், போன்தான். எனக்கு வேண்டியிருந்தது வேறு. படத்துக்குப் பின்னால் இருக்கும் கதை எதில் கையோடு வருகிறது? அதில் போனுக்குக் கடைசி இடம்.

போனில் காத்திருக்க ஒன்றுமே இல்லை, அதுதான் சிக்கல். கேமரா திறந்திருக்கும்போதே அது படங்களைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கிறது. நாம் தொட்டதும் அவற்றில் சிலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கித் தருகிறது. தெருவிளக்கு வெளிச்சத்திலும் முகம் தெளிவாக விழுகிறது. விழுந்ததும் நான் நகர்ந்துவிடுகிறேன். தேதி, நேரம், இடம் எல்லாம் கேலரியில் பத்திரமாக இருக்கும். அந்த அம்மா ஏன் சிரித்தார் என்பது மட்டும் இருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுதி வைக்கலாம், அதற்கு வசதியும் உண்டு. நான் நான்கு நாள் எழுதினேன்.

போனைத் தூக்கினால் தெருவிலிருந்து வரும் கேள்வியும் ஒன்றுதான்: “எதுல போடுவீங்க?” யூடியூபிலா, இன்ஸ்டாகிராமிலா என்ற சந்தேகம். அதற்கு மேல் பேச்சு வளர்வதில்லை. ஒரு இடத்தில் மட்டும் போனை மிஞ்ச முடியாது. 2015-ல் ஐபோன் 6எஸ்ஸோடு வந்த லைவ் போட்டோ, அழுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடியைச் சத்தத்தோடு பிடித்து வைக்கும். கண்டக்டரின் விசிலும் “உள்ள போ, உள்ள போ”வும் கேட்கும் ஒரு படம் என்னிடம் இருக்கிறது. அந்தப் படத்தின் கதையே அந்தச் சத்தம்தான்.

யாஷிகா நேர் எதிர். 38 மில்லிமீட்டர் லென்ஸ், ஃபோகஸ் திருப்ப வழியில்லை, ஒன்றரை மீட்டருக்குக் கிட்டே போனால் முகம் மங்கிவிடும். ரோலையும் கழுவி ஸ்கேன் செய்யும் கூலியையும் கூட்டிப் பார்த்தால், எனக்குப் படம் ஒன்றுக்கு 40 ரூபாய் பக்கம் ஆகிறது. ஒரு ரோலை, சுற்றி முடிப்பதற்கு முன்பே பின்கதவைத் திறந்து நானே பாழாக்கினேன். படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரில் கலர் ஃபிலிம் கிடப்பது என்னவோ 3 நிமிடம் 15 நொடிதான். எனக்கு மூன்று வாரம் ஆவது 36 படமும் முடிய வேண்டுமே என்பதால். 1888-ல் வந்த முதல் கோடக்கில் இன்னும் மோசம்: 100 படம் எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் பிரிண்ட் கைக்கு வந்தால் அதை யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுக்கத் தோன்றுகிறது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் படம் ஒன்று நன்றாக விழுந்திருந்தது. கொடுக்கப் போனால் வண்டி அங்கே இல்லை. மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்ததில் இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தார். விசாரித்துக் கண்டுபிடித்தேன். படத்தை வாங்கியவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. படத்தில் இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே விரிந்திருந்த நீலக்கோட்டுச் சட்டையை விரலால் தொட்டார்.

“இது மூணாவது மாடி சார் சட்டை. பையன் வீட்டுக்கு பெங்களூர் போயிட்டார். சட்டை இன்னும் என்கிட்டதான் கிடக்கு.”

வண்டியின் அடித்தட்டிலிருந்து எடுத்தும் காட்டினார், மடிப்புக் கலையாமல். இந்தக் கதை நான் படம் எடுத்த அன்று பிறக்கவே இல்லை. போனில் எடுத்திருந்தால் எனக்கு வந்திருக்காது, திரும்பிப் போயிருக்கவே மாட்டேன்.

காத்திருந்தாலே கதை வரும் என்றும் சொல்லிவிட முடியாது. நியூயார்க் தெருக்களை எடுத்த கேரி வினோகிராண்ட், எடுத்தபோது இருந்த மனநிலை மறக்கட்டும் என்றே ரோலைக் கழுவாமல் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று போட்டு வைப்பாராம். 1984-ல் அவர் இறந்தபோது டெவலப் செய்யாத ரோல்களே சுமார் 2,500 இருந்தன. அவருக்கு வேண்டியது படம், கதை அல்ல. எனக்கு மூன்று வாரமே அதிகம்.

இன்ஸ்டாக்ஸுக்கு 90 நொடி. இந்த ரகக் கேமராவே காத்திருக்கப் பிடிக்காத ஒரு குழந்தையால் பிறந்தது என்பார்கள். 1943-ல் போலராய்டு நிறுவனர் எட்வின் லேண்டின் மூன்று வயது மகள், எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியவில்லை என்று கேட்க, 1948-ல் போலராய்டு கேமரா கடைக்கு வந்தது. இன்று போனுக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் வாரிசுதான் நம்மை நிற்க வைக்கிறது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் சுமார்தான். படம் 62க்கு 46 மில்லிமீட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஃபிளாஷை அணைக்க முடியாது, திருட்டுத்தனமாக எடுக்கவும் வழியில்லை. ஒரு பெட்டியில் 10 தாள்தான், படம் ஒன்றுக்கு விலையும் ரோலைவிடக் கூடுதல். ஆனால் தாள் வெளியே வந்ததும் எல்லோரும் கேட்பது, “எனக்கா?”

பூக்கார அக்காவும் அதைத்தான் கேட்டார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கி, “என்ன தம்பி, வெள்ளையா இருக்கு?” என்றார். வரும், இருங்க என்றேன். அந்த இடைவெளியில் சும்மா இருக்க முடியாமல் வாழைநாரை எடுத்து, இரண்டு இரண்டு மல்லியாக எதிரும் புதிருமாக வைத்து முடிந்துகொண்டே பேசினார். முழம் அவர் கையால்தான் அளப்பாராம். “எங்க மாமியார் இருந்தப்ப அவங்ககிட்டதான் கூட்டம். அவங்களுக்குக் கை நீளம்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்க, முழம் நீளம்னு சொல்ல வந்தேன்” என்று சிரித்தார். அதற்குள் படத்தில் முதலில் புடவை வந்தது, அப்புறம் முகம்.

படம் அவரிடமே போய்விட்டது. என்னிடம் இருப்பது, அவர் அதைப் பிடித்திருப்பதைப் போனில் எடுத்த இன்னொரு படம். இன்ஸ்டாக்ஸில் இது ஒரு பெரிய குறை: கதை நமக்கு, படம் அவர்களுக்கு.

இப்போது சனிக்கிழமை என்றால் இன்ஸ்டாக்ஸ். மற்ற நாளில் போன். யாஷிகா வருடத்துக்கு இரண்டு ரோல் பார்த்தால் அதிகம். போன வாரம் இஸ்திரிக்காரர் கூப்பிட்டு, நீலக்கோட்டுச் சட்டையைக் கையில் பிடித்து, தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார். மூன்றாவது மாடி சாருக்கு அனுப்ப வேண்டுமாம். இன்ஸ்டாக்ஸை எடுத்தேன்.

“அது வேணாம் சார், போன்ல எடுங்க. வாட்ஸ்அப்ல போகணும்.”