ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு எது: ரப்பர் லைனிங்கா, எஃப்.ஆர்.பி.யா, கண்ணாடியா?

30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வைக்க டேங்க் போடவேண்டும், எது நல்லது என்று கேட்டு சின்ன கெமிக்கல் யூனிட் நடத்தும் நண்பர்கள் அடிக்கடி போன் செய்கிறார்கள். எல்லோரும் கையில் மூன்று கொட்டேஷனை வைத்துக்கொண்டு விலையில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இந்த டேங்க் கெட ஆரம்பிக்கும்போது உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா? எந்த லைனிங்கும், அதாவது டேங்கின் உட்புறக் காப்பு அடுக்கும், ஒருநாள் கெடத்தான் போகிறது. அது சொல்லிவிட்டுக் கெடுகிறதா, சொல்லாமல் கெடுகிறதா என்பதை வைத்துத்தான் நான் தேர்வு செய்வேன், ஏனென்றால் கீழே நின்று வால்வு திருப்புகிறவர் ஒரு மனிதர்.

முதலில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கதையை முடித்துவிடலாம். “316 ரக எஸ்.எஸ். போட்டால் போதாதா?” போதாது. எஸ்.எஸ்.ஸைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலம், சில நானோமீட்டர் தடிமன்தான். குளோரைடு அதைத்தான் உடைக்கிறது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் கடல்காற்றை 304-ஐவிட நன்றாகத் தாங்கும், ஆனால் இந்த ஆசிட் முன்னால் இரண்டுமே நிற்காது. ஸ்டோரில் வேறு பொருள் இல்லை என்று ஒருமுறை ஆசிட் லைனில் 316 தெர்மோவெல் (வெப்பமானியை மூடும் உறை) ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டோம். மூன்றாவது வாரம் கழற்றிப் பார்த்தபோது அது மெலிந்து, நுனியில் ஓட்டை விழுந்திருந்தது.

சரி, ரப்பர் லைனிங். எம்.எஸ். (சாதாரண இரும்பு) டேங்குக்குள் ரப்பர் ஷீட் ஒட்டி, நீராவியில் வேகவைத்து எடுப்பது. இயற்கை ரப்பருக்கும் இந்த ஆசிட்டுக்கும் ஒரு விசேஷப் பொருத்தம் உண்டு: ஆசிட் ரப்பரின் மேற்பரப்போடு வினைபுரிந்து கெட்டியான ஒரு தோலை உண்டாக்குகிறது, அந்தத் தோலே உள்ளே இருக்கும் ரப்பருக்குக் காவலாகிவிடுகிறது. சுத்தமான ஆசிட், வெப்பம் அறை அளவு, வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்றால் வருடக்கணக்கில் கவலையே இல்லை. வேலை ஒழுங்காக என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிளாஸ்டிங் செய்த, அதாவது மணல் மாதிரித் துகளைப் பீய்ச்சித் துரு நீக்கிய, இரும்பு ஈரக்காற்றில் மறுபடி துருப்பிடிப்பதற்குள் பிரைமர் ஏறவேண்டும், ஷீட்டின் ஓரத்தைச் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டவேண்டும், நாசிலுக்குள்ளும் (குழாய் சேரும் வாய்) ஃபிளாஞ்ச் முகத்திலும் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) ரப்பர் மடங்கி வரவேண்டும், கடைசியில் மின்பொறியால் ஊசிமுனை ஓட்டையைத் தேடும் ஸ்பார்க் டெஸ்ட். அந்த டெஸ்ட் நடக்கும்போது நீங்களே போய் நில்லுங்கள், சான்றிதழ் தாள் மட்டும் போதாது.

கெடும்போது என்ன ஆகும்? ஊசிமுனை ஓட்டை ஒன்று போதும். ஆசிட் ரப்பருக்குப் பின்னால் போய் இரும்பைத் தின்னும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஆனால் ஒரு அறிகுறி கிடைக்கும்: தண்ணீர்போல இருந்த ஆசிட் மஞ்சளாக மாறும், அது இரும்பு கரைந்த நிறம். வரும் லாரியிலேயே ஆசிட் மஞ்சளாக வந்தால் இந்த அறிகுறி உங்களுக்குப் பயன்படாது, அதனால் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பாட்டிலில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: இரும்பும் ஆசிட்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், எளிதில் தீப்பற்றும் அந்த வாயு டேங்கின் மேல்பகுதியில் தங்கும். லைனிங் கெட்ட டேங்கின் மேல் ஏணிக்கு ஒரு கிளாம்ப் வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த வேலையை உடனே நிறுத்துங்கள். லைனிங் நன்றாக இருந்தாலும் வெல்டிங் சூட்டில் ரப்பர் உரிந்துவிடும்.

எஃப்.ஆர்.பி. என்பது கண்ணாடி இழையை ரெசினில் பதித்துச் செய்த பிளாஸ்டிக். அதில் இரும்பே இல்லை, ஹைட்ரஜன் பயமும் இல்லை. வினைல் எஸ்டர் ரெசின், உள்பக்கம் ரெசின் மிகுந்த சர்ஃபேஸ் மேட், அதன்மேல் நறுக்கிய இழை மேட், அப்புறம்தான் பலத்துக்கான அடுக்குகள். ஆசிட்டைத் தடுப்பது அந்த முதல் இரண்டரை மூன்று மில்லிமீட்டர்தான். விலையைக் குறைக்கிறவர்கள் கைவைப்பதும் அங்கேதான், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. டெலிவரி எடுக்கும்முன் அசிட்டோன் நனைத்த துணியால் உள்பக்கத்தை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ரெசின் சரியாக இறுகவில்லை, திருப்பி அனுப்புங்கள். பார்கோல் கடினத்தன்மையையும் அளந்து காட்டச் சொல்லலாம்.

எஃப்.ஆர்.பி. கெடும்போது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடும். உள்ளே கொப்புளம், நிறமாற்றம், வெளியே நாசில் கழுத்தில் கசிவு. வருடம் ஒருமுறை உள்ளே லைட் அடித்துப் பார்க்கிறவருக்கு நேரம் இருக்கும். ஆனால் அடி தாங்காது, ஃபிளாஞ்ச் போல்ட்டை இரும்புக் குழாய் மாதிரி நினைத்து முறுக்கினால் வெடிப்பு விழும். பம்ப்பின் அதிர்வு நேராக நாசிலுக்கு வராமல் நடுவில் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பாக வளைந்துகொடுக்கும் இணைப்பு) வைக்கவேண்டும். வெயிலில் வருடக்கணக்கில் நின்றால் வெளிப்பக்க ரெசின் தேய்ந்து இழை தெரியும், அதற்கு மேல்பூச்சு போடவேண்டும்.

கண்ணாடி லைனிங்கை ஸ்டோரேஜுக்கு யாரும் யோசிப்பதில்லை, அது ரியாக்டருக்கு. ஆசிட்டைச் சூடாக்கவும் கலக்கவும் வேண்டும் என்றால் ரப்பரும் எஃப்.ஆர்.பி.யும் ஒதுங்கிவிடும், கண்ணாடி லைனிங் போட்ட ஜி.எல். ரியாக்டர்தான் நிற்கும். 800 டிகிரிக்கு மேல் சுட்டு இரும்போடு இணைத்த, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடிப் பூச்சு. ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டும் சூடான காரமும் அதன் எதிரிகள், ஹைட்ரோகுளோரிக் அதை ஒன்றும் செய்யாது.

அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். மேன்ஹோல் வழியாக விழும் ஒரு ஸ்பேனர், கொதிக்கும் ரியாக்டருக்குள் திறந்துவிட்ட குளிர்ந்த தண்ணீர், வெளிச்சுவரில் வைத்த ஒரு வெல்டிங் பொட்டு. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. ரியாக்டரைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் சுற்றியிருக்கும் வெளிக்கூடான ஜாக்கெட்டில் உப்புப் படிந்திருக்கிறது என்று ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை விட்டுக் கழுவுகிறார்கள். அங்கே உண்டாகும் ஹைட்ரஜன் அணுக்கள் இரும்புக்குள் ஊடுருவி மறுபக்கம் கண்ணாடிக்கு அடியில் சேர்ந்து அழுத்த, மீன்செதில் மாதிரி கண்ணாடி பெயர்ந்து வரும். உள்ளே ஆசிட்டைத் தாங்கும் பாத்திரம் வெளிப்பக்கம் விட்ட ஆசிட்டால் கெடுவதை நேரில் பார்த்திருக்கிறேன், மனது ஆறவில்லை. சின்ன உடைசலுக்கு டான்டலம் உலோகத்தில் செய்த பிளக் போட்டுச் சமாளிக்கலாம், பெரியது என்றால் தொழிற்சாலைக்கு அனுப்பி மறுபடி சுடவேண்டும். முன்னறிவிப்பு தருவதில் இது மூன்றிலும் மோசம்.

ஹேஸ்டெல்லாய் பி வகை நிக்கல் கலப்பு உலோகங்களில் சுமார் 28 சதவீதம் மாலிப்டினம், அந்த உலோகம் இந்த ஆசிட்டைச் சூட்டிலும் தாங்கும். ஆனால் ஆசிட்டில் ஃபெர்ரிக் வடிவில் கொஞ்சம் இரும்பு கலந்திருந்தாலே அரிப்பு எகிறிவிடும். நம் யூனிட்களுக்கு வரும் ஆசிட்டை நம்பி அதில் பணம் போட மாட்டேன்.

ஆக, சுத்தமான ஆசிட், பெரிய டேங்க், பக்கத்திலேயே நல்ல லைனிங் ஆட்கள் என்றால் ரப்பர். சின்ன, நடுத்தர டேங்குக்கு என் கை எஃப்.ஆர்.பி.க்குத்தான் போகும், முடிந்தால் உள்ளே பி.பி. (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) லைனர் வைத்தது. டொலுயீன் மாதிரி கரைப்பான் கலந்த உபபொருள் ஆசிட் என்றால் கதை மாறும்: ரப்பர் உப்பிவிடும், பி.பி.யும் நம்பக்கூடியதல்ல, பி.வி.டி.எஃப். (ஃபுளோரின் சேர்ந்த பிளாஸ்டிக்) லைனர் வைத்த எஃப்.ஆர்.பி.க்குப் போங்கள். மலிவு என்று வாங்கும் ஆசிட் பெரும்பாலும் இந்த வகைதான், அதனால் டேங்குக்கு ஆர்டர் போடும்முன் ஆசிட்டை லேபுக்கு அனுப்பிவிடுங்கள். (கந்தக அமிலத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. 98 சதவீத அமிலத்தை லைனிங்கே இல்லாத எம்.எஸ். டேங்கில் வைக்கிறார்கள், ஈரம் புகுந்து நீர்த்தால்தான் அது இரும்பை வேகமாகத் தின்னும்.)

குழாய்களுக்கு பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) லைனிங் போட்டிருந்தால் வெளி இரும்பில் சின்னச் சின்ன வென்ட் ஓட்டைகள் இருக்கும். லைனரை ஊடுருவி வரும் ஆவி அது வழியாகத்தான் வெளியேறவேண்டும், அடைத்தால் லைனர் உள்பக்கம் குழிந்து வழியை மூடிவிடும். ஷட்டவுனில் பெயின்டர் வரும் நாள், அந்த ஓட்டைகளைக் காட்டி “இதில் பெயின்ட் படக்கூடாது அண்ணே” என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் ஒரு மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்துவிடுங்கள்.