மேக்கில் சாலிட்வொர்க்ஸ் ஓடுவதாக யாராவது காட்டினால், மவுஸை முதலில் கையில் வாங்குங்கள்

ஏமாந்த கதையை நாலு பேரிடம் சொல்ல யாருக்குத்தான் பிடிக்கும்? மூன்று வாரமாக எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நேற்று பழைய சக ஊழியர் ஒருவர் பேசும்போது, "ஒரு ஆள் மேக்கிலேயே சாலிட்வொர்க்ஸ் போட்டுத் தருகிறாராம், வாங்கலாம் என்று இருக்கிறேன்" என்றார். விசாரித்தால் அதே ஆள், அதே வசனம். அதனால்தான் இந்தப் பதிவு.

என் வேலை இயந்திர பாகங்களை வடிவமைப்பது. அதற்கான முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் இல்லாமல் எனக்கு நாள் ஓடாது. 1995-ல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து இன்றுவரை, கணினியில் நிறுவிக்கொள்ளும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டும்தான். ஆப்பிளின் மேக் கணினிக்கென்று தனிப் பதிப்பு கிடையாது. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் வெட்கமாக இருக்கிறது.

மேக் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் சாதாரணமானது. எடை குறைவு, சத்தமே இல்லை, சார்ஜ் நாள் முழுக்க நிற்கிறது. இரண்டு கணினி சுமக்காமல் ஒன்றிலேயே எல்லாம் முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த விற்பனையாளர் அகப்பட்டார். கணினியும் விற்பார், வேண்டிய மென்பொருளை நிறுவியும் தருவார். "பூட் கேம்ப் மாதிரிதான் சார், ஒரே பெட்டியில ரெண்டு கம்ப்யூட்டர்" என்றார்.

அந்த வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். மேக்கில் விண்டோஸையும் நிறுவிக்கொள்ள ஆப்பிளே தந்த வசதி பூட் கேம்ப், 2006-ல் வந்தது. அன்றைய மேக்குகளில் இருந்தது இன்டெல் சிப். சாதாரண விண்டோஸ் கணினியில் இருப்பதும் அதே வகைதான் என்பதால் மேக்கில் விண்டோஸை நேரடியாகவே நிறுவ முடிந்தது. 2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததும் அந்தக் கதை முடிந்துவிட்டது. எம் வரிசை சிப்புகள் ஆர்ம் வகை, இன்டெல் சிப்புக்கான கட்டளைகள் அவற்றுக்கு நேரடியாகப் புரியாது. அவற்றில் பூட் கேம்ப் கிடையவே கிடையாது. எனக்கு விற்கப்பட்டது 8 ஜிபி மெமரியுள்ள எம்1 மேக்புக் ஏர்.

சரி, அவர் ஓட்டிக் காட்டிய கதைக்கு வருகிறேன். அவர் மேசையில் அந்த மாதிரி மேக் ஒன்று திறந்திருந்தது. டச்பேடில் விரல்களை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார், திரை முழுக்க விண்டோஸ். சாலிட்வொர்க்ஸைத் திறந்து ஒரு பெரிய பம்ப் அசெம்ப்ளியை, அதாவது பல பாகங்களைக் கோத்த முழு வடிவத்தை, சுழற்றிக் காட்டினார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. குறுக்காக வெட்டி உள்ளே காட்டும் செக்ஷன் வியூ போட்டார், பாகங்களைப் பிரித்துக் காட்டினார். எனக்கு வாயே மூடவில்லை. "டாஸ்க் மேனேஜரே திறந்து காட்டுறேன், எவ்வளவு சும்மா இருக்குன்னு பாருங்க" என்று, கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் அதையும் திறந்தார். ஆசையில் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்தப் படம்தான். ஒன்று மட்டும் பிறகு ஞாபகம் வந்தது. அவ்வளவு நேரமும் மவுஸ் அவர் கையில்தான் இருந்தது.

பத்து நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம் என்றார். என் லைசன்ஸ் எண்ணை வாங்கி, அவரே நிறுவிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தனிப் பாகங்கள் சிலவற்றைத் திறந்தேன். ஒரு ஃபிளாஞ்ச், ஒரு பிராக்கெட். திறந்தன, கொஞ்சம் தயங்கித் தயங்கி. புதுக் கணினி, பழகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் வேறு வேலைகள் இருந்ததால் பெரிதாக எதையும் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள்தான் கியர்பாக்ஸ் அசெம்ப்ளியைத் திறந்தேன். 340 பாகம். என் பழைய கணினியில் ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிடும். இங்கே பதினோரு நிமிடம் ஆனது. ஒரு முறை சுழற்றினேன், படம் துண்டு துண்டாக உடைந்து நின்றது. அடுத்த நிமிடம் மென்பொருளே மூடிக்கொண்டது. பதினைந்தாம் நாள் இன்னும் அழகு. விண்டோஸே திறக்கவில்லை. சோதனைக் காலம் முடிந்துவிட்டது, சந்தா கட்டு என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

அப்போதுதான் தோண்ட ஆரம்பித்தேன். அவர் எனக்குப் போட்டுத் தந்தது பேரலல்ஸ் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருள், மேக்குக்குள்ளேயே இன்னொரு கணினி இருப்பதுபோல் விண்டோஸை ஓட்டுவது. அதுவும் காசு கட்டாத 14 நாள் சோதனைப் பதிப்பு. திருப்பித் தரும் கெடு பத்து நாள், சோதனைக் காலம் பதினான்கு நாள். கணக்கு புரிகிறதா? உள்ளே இருந்த விண்டோஸுக்கும் லைசன்ஸ் இல்லை. திரையின் வலது மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலாக ஒரு வரி இருந்துகொண்டே இருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை.

பேரலல்ஸைக் குறை சொல்லவில்லை. எம்1, எம்2 மேக்குகளில் அதன் வழியாக விண்டோஸ் 11-இன் ஆர்ம் பதிப்பை இயக்க 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஒப்புதலும் கொடுத்திருக்கிறது. அலுவலக மென்பொருள், கணக்கு மென்பொருள் எல்லாம் அதில் ஓடும். சிக்கல் சாலிட்வொர்க்ஸ் மாதிரி கனமானவற்றில்தான். அது எக்ஸ்64 சிப்புக்காக, அதாவது சாதாரண விண்டோஸ் கணினியின் இன்டெல் வகை சிப்புக்காக எழுதப்பட்டது. ஆர்ம் விண்டோஸ் அதன் கட்டளைகளை ஓடஓட மொழிபெயர்த்துக்கொண்டே போக வேண்டும். முப்பரிமாணப் படத்துக்கு சாலிட்வொர்க்ஸ் நம்பியிருப்பது ஓபன்ஜிஎல் என்ற வரைகலை முறை. அந்த வரைகலைக் கட்டளைகளும் விர்ச்சுவல் மெஷினைத் தாண்டி மெட்டல் என்ற ஆப்பிளின் சொந்த வரைகலை முறைக்கு மாறியாக வேண்டும். எந்த கிராஃபிக்ஸ் கார்டுகளில் ஓடும் என்று சாலிட்வொர்க்ஸ் தரப்பே சோதித்துப் பட்டியல் வைத்திருக்கிறது, விர்ச்சுவல் மெஷினுக்குள் தெரியும் கார்டு அதில் இல்லை. போதாததற்கு மெமரி. இருக்கும் 8 ஜிபியை மேக்கும் விண்டோஸும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொண்டன. பிறகு கூட்டலாம் என்றால் இந்த வகை மேக்கில் மெமரி சிப்போடு சேர்ந்தே வருகிறது, கூட்ட வழியே இல்லை. மேக்புக் ஏரில் விசிறியும் கிடையாது, சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்னிடம் இயந்திரங்களில் பாகம் வெட்டுவதற்கான பழைய சிஏஎம் (CAM) மென்பொருள் ஒன்றின் யுஎஸ்பி டாங்கிளும் உண்டு, லைசன்ஸுக்குச் சாவி மாதிரி செருகும் கருவி. அதைச் செருகினால் விண்டோஸ் அடையாளமே காணவில்லை. மென்பொருளை மொழிபெயர்த்து ஓட்டலாம், கருவியை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் டிரைவரை அப்படி ஓட்ட முடியாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும்.

அப்படியென்றால் அவர் மேசையில் மட்டும் எப்படி வழுக்கிக்கொண்டு ஓடியது? ஒருவேளை என் கணினியில்தான் ஏதோ கோளாறோ என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு அந்தப் படம் ஞாபகம் வந்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் இடது பக்கம், கடைசி வரி. ஜிபியு 0, என்விடியா. அதாவது அந்த விண்டோஸ் பயன்படுத்தியது என்விடியா நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் கார்டு.

எம் வரிசை மேக் எதிலும் என்விடியா கார்டு கிடையாது. ஒன்றில்கூட. அன்றைக்கு அந்தத் திரையில் ஓடிய சாலிட்வொர்க்ஸ் மேக்கில் ஓடவே இல்லை. வேறெங்கோ இருந்த நல்ல விண்டோஸ் கணினி ஒன்றில் ஓடியது. மேக் அதன் திரையை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வாங்கிக் காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். டிவியில் கிரிக்கெட் காட்டிவிட்டு மைதானத்தையே விற்ற மாதிரி.

போன் செய்தேன். "ஓடுச்சா இல்லையா சார்? ஓடணும்னுதானே கேட்டீங்க, வேகம் பத்திப் பேச்சே இல்லையே" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் கணினியின் மாடல் பெயர் மட்டும்தான். கீழே பொடி எழுத்தில், மென்பொருளின் இயக்கத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரு வரி. பிறகு, "கொண்டு வாங்க, சரி பண்ணித் தர்றேன்" என்றார். கொண்டுபோனேன். அந்த விர்ச்சுவல் மெஷினை அப்படியே அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டார். இது முதல் தவறைவிடப் பெரிய தவறு. என் லைசன்ஸ் அந்தப் பழைய மெஷினில் ஆக்டிவேட் ஆகியிருந்தது. அழிக்கும் முன் டீஆக்டிவேட் செய்திருந்தால்தான் அதை வேறு கணினிக்கு மாற்ற முடியும். லைசன்ஸ் கொடுத்தவர்களிடம் கெஞ்சி அதை விடுவிக்க நான்கு வேலை நாள் போனது. அந்த நான்கு நாளும் வேலை நின்றது.

படத்தை அனுப்பி, "இந்த என்விடியா எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. மறுநாள் நிறுவல் கட்டணத்தை மட்டும் திருப்பி அனுப்பினார். கணினியைத் திரும்ப எடுக்க முடியாது என்றார், அப்புறம் என் அழைப்பையே எடுப்பதில்லை.

உங்களிடம் யாராவது இப்படிக் காட்டினால் மேக்கின் வைஃபை, கேபிள் எல்லா இணைப்பையும் துண்டிக்கச் சொல்லுங்கள். ரிமோட் என்றால் அந்த நொடியே உறைந்து நிற்கும். விண்டோஸ் அமைப்புகளில் அபவுட் பக்கத்தைத் திறந்து சிஸ்டம் டைப் வரியைப் பாருங்கள். எம் வரிசை மேக்கின் பேரலல்ஸில் ஓடும் விண்டோஸ் என்றால் அங்கே ஆர்ம் என்று இருக்கும். எக்ஸ்64 என்று இருந்தால் எழுந்து வந்துவிடலாம். அவர்கள் கோப்பை நம்பாமல் உங்களுடைய ஆகப்பெரிய அசெம்ப்ளியை பென் டிரைவில் கொண்டுபோங்கள். கட்டட வடிவமைப்புக்கான ரெவிட்டோ முப்பரிமாணக் காட்சிகளுக்கான 3டிஎஸ் மேக்ஸோ வேண்டியவர்களுக்கும் இதே பேச்சுதான், அவையும் விண்டோஸுக்கு மட்டுமே. பூட் கேம்புக்காகப் பழைய இன்டெல் மேக்கைத் தலையில் கட்டப் பார்த்தாலும் யோசியுங்கள். பூட் கேம்ப் விண்டோஸ் 10 வரைதான் முறையாக ஏற்கும், அந்த விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

மேக்கை நான் விற்கவில்லை. பழைய விண்டோஸ் கணினி மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது, மேக்கிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதில்தான் வேலை பார்க்கிறேன். ஆமாம், அவர் காட்டிய அதே வித்தைதான். கியர்பாக்ஸ் நன்றாகவே சுழல்கிறது. சுட்டியைத் திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோனால் மேக்கின் மெனு பட்டை இறங்கிவந்து, ஓடிக்கொண்டிருப்பது எந்த மென்பொருள் என்று பெயரோடு காட்டுகிறது. அன்றைக்கு அவர் அந்த விளிம்புப் பக்கமே போகவில்லை.